தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு பாட்டு

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதே கிடையாது. கருமத்தம்பட்டியில் தறிக்கொட்டகையை ஒட்டின வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் ஞாயிறு தவிர இரவும் பகலும் ஓடும். அம்மா கொஞ்சிக் கூப்பிட்டால்கூட வெளியூர்க்காரர்கள் ஏதோ அடிதடி என்று எட்டிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் எழுந்து பதில் சொன்னால் முதல் பெஞ்சு காதைப் பொத்திக்கொள்ளும்.

கொட்டகைக்குள் கத்தியும் பயனில்லை. அங்கே உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேச்சு. இழை அறுந்தால் ஒரு சைகை, டீ வந்தால் ஒரு சைகை. ஒருத்தர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது அவருடைய தறி நின்றுபோனால், மற்ற தறிகளின் இரைச்சலில் அவருக்கு அது தெரியாது. எதிர்வரிசையில் இருப்பவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவார். உன்னுது நின்னுபோச்சு என்று அர்த்தம். அனா ஆவன்னாவுக்கு முன்னாலேயே எனக்கு இதெல்லாம் அத்துப்படி.

அம்மாவின் தம்பியான என் மாமா அங்கேதான் தறி ஓட்டினார். அவருக்கு அப்போது காது போய்க்கொண்டிருந்தது. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் கத்துகிற இடத்தில், எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசுகிற இடத்தில், ஒரு ஆளுக்குக் காது போவதை யார் கண்டார்கள்? மாமாவுக்கே தெரியவில்லை. காதுக்குள் வண்டு சுற்றுகிறது என்பார். அந்த வண்டு கொட்டகையில் எல்லோர் காதிலும்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

மாமா பாடுவார். முதலில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடினார். சத்தம் ஜாஸ்தி என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். பிறகு மதுக்கரையிலிருந்து ஒரு கூட்டாளி ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்தான். எல்லாம் ஆதிகாலத்து ராக் அண்ட் ரோல். அமெரிக்காவில் எந்தக் காலத்திலோ பையன்கள் தலையில் எண்ணெய் வழிய வாரிக்கொண்டு, காரையும் காதலையும் சனிக்கிழமை டான்ஸையும் பற்றிப் பாடியது. மாமாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கூட்டாளிகள் இரண்டு பேர் கிதார் பிடித்தார்கள். தறி ரிப்பேர் பார்க்கும் பிட்டர் அண்ணன் டிரம் வாங்கினார். 'ரெண்டாம் ஷிப்ட்' என்று பேரும் வைத்தாயிற்று.

பழகுவதற்கு இடம்? எந்தத் தெருவில் வாசித்தாலும் சண்டைக்கு வந்தார்கள். கொட்டகையின் மூலையில் வாசித்தால் மட்டும் ஒருத்தரும் வரவில்லை, ஏனென்றால் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. பிட்டர் அண்ணனின் கை தறியின் வேகத்திலேயே ஓடியது. கிதாரை அதற்கு மேல் அலறவிட்டார்கள். மாமா அதற்கும் மேல் தொண்டை கிழியக் கத்தினார். கேசட்டில் ஒய்யாரமாக இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும் பாட்டு, எங்கள் கொட்டகையில் நாய் துரத்தின மாதிரி ஓடி, பாதி நேரத்தில் முடிந்துவிடும். தாங்கள் கேசட்டில் இருப்பதை அப்படியே பாடுவதாகத்தான் நால்வரும் நம்பினார்கள்.

துணி எடுக்க வந்த வியாபாரியின் மகன் ஒருநாள் கேட்டுவிட்டு அசந்துபோனான். கோயமுத்தூரில் என்ஜினியரிங் படிக்கிறவன். "அண்ணா, இது பங்க்குங்ண்ணா! பழைய ராக் அண்ட் ரோல பங்க்கா மாத்தி அடிக்கறீங்க. எங்க காலேஜ் போட்டிக்கு வாங்க, ஜெயிச்சா பெங்களூரு மேடை" என்றான். அப்பா பெட்ரோல் பங்க் என்றுதான் முதலில் நினைத்தார். வேகமும் கத்தலுமாக அடிக்கிற ஒரு பாட்டு வகை என்று புரிந்ததும், "இதுதான் கடேசி. செயிச்சா பெங்களூரு போகட்டும். இல்லீனா கிதாரு கிதீருன்னு பேசாம நாங்க பாக்கற புள்ளயக் கட்டிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். மாமா தலையாட்டினார். ஆயுசு முழுக்கக் கொட்டகைதானா, வெளியிலும் ஒரு இடம் உண்டா என்பது அந்த ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிடும் என்று அவர் இருந்தார். ஒரு வாரமாகச் சோறே சரியாக இறங்கவில்லை.

அம்மா என்னையும் கூட அனுப்பினாள். "பாப்பாவக் கூட்டீட்டுப் போ. அப்பத்தான் வார வழியில எங்கியும் வண்டிய நிறுத்த மாட்டீங்கொ." ஒயின்ஷாப்புக்குக் காவலாக நான் ஆம்னி வேனில் டிரம்முக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன்.

காலேஜ் ஹால் ஏசி போட்டது. அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கண்டதில்லை. மாமாவுக்குப் பின்னாலிருந்து மைக் செட் பையன், "அண்ணா, மைக் ஓகேவா? அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மாமா திரும்பவே இல்லை. "எங்காளு ஸ்டாருங் தம்பி, அப்பிடித்தான்" என்று பிட்டர் அண்ணன் சிரித்தார். நானும் அதைக் கெத்து என்றே எடுத்துக்கொண்டேன். முதல் வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாட்டுக்கே பையன்கள் எழுந்து குதித்தார்கள். இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும், குறுக்கே போன யாரோ ஒருவன் காலில் ஒயர் சிக்கி, கிதார் இரண்டும் ஊமையாகிவிட்டன. என்ன ஆயிற்றோ என்று பிட்டர் அண்ணனும் குச்சியை நிறுத்திவிட்டார். மாமா நிறுத்தவில்லை. அவர் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார். இரைச்சலுக்கு நடுவே மனசுக்குள் ஓடுகிற பாட்டைப் பிடித்துக்கொண்டு பாடியே பழகினவர். அந்தப் பெரிய ஹாலில் வாத்தியம் எதுவுமில்லாமல், தன்னந்தனியாக, கொட்டகையில் பாடுகிற அதே கத்தலில் பாடினார். இடையில் கிதாருக்கு விடவேண்டிய இடத்தைச் சரியாக விட்டு, தலையை ஆட்டி, காலால் தாளம் போட்டு, மறுபடி எடுத்தார்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரோ கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கத் தட்டியது. என் மாமா என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பாட்டு முடிந்து மாமா கண்ணைத் திறந்தார். அடுத்ததுக்குச் சொல்வதற்காகப் பின்னால் திரும்பினார். டிரம்மில் ஆள் இல்லை. பிட்டர் அண்ணன் ஸ்விட்ச் பெட்டியின் முன்னால் குந்தியிருந்தார். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் எழுந்து நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயித்துவிட்டார்கள். வாத்தியம் நின்ற பிறகும் அசராமல் பாடி முடித்தது பெரிய துணிச்சல், அதுதான் பங்க் என்று நடுவர் ஒருவர் மைக்கில் புகழ்ந்தார். கூட்டாளிகள் மாமாவைத் தூக்கிச் சுற்றினார்கள். "எப்பிடிச் சமாளிச்சான் பாத்தீங்களா!" என்று வேனில் அதே பேச்சு. மாமா சன்னலோரம் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "எப்ப நின்னுச்சு கண்ணு?" என்று கேட்டார்.

"தொடங்குனதுமே நின்னுபோச்சுங் மாமா. பூராவும் நீங்க ஒருத்தரேதான் பாடுனீங்க!"

அவர் சன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். அசதி என்று நினைத்தேன்.

பெங்களூருக்கு மாமா போகவில்லை. தொண்டை சரியில்லை என்றார், அப்புறம் இஷ்டமில்லை என்றார். கூட்டாளிகள் கெஞ்சினார்கள், பிட்டர் அண்ணன் அழுதேவிட்டார். வீடு தேடி வந்ததை எப்படி வேண்டாம் என்று சொல்கிறான் பார் என்று அம்மா திட்டினாள். நான் வகுப்பு பூராவும் பெங்களூரு என்று சொல்லி வைத்திருந்ததால் அவர்மேல் கொள்ளைக் கோபம் எனக்கு. காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி தறிக்குப் போனார், கேசட்டுகளைக் கூட்டாளியிடமே கொடுத்தனுப்பினார், அதற்கப்புறம் குளிக்கும்போதுகூடப் பாடவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து வந்து, தறியெல்லாம் ஓய்ந்து கிடக்கும்போது என்னைக் கூப்பிடுவார். தன் எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார். கிதார் எப்போது நின்றது, டிரம் எப்போது நின்றது, ஜனங்கள் என்ன செய்தார்கள். என் வாயிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். அடுத்த ஞாயிறும் அதையே கேட்பார். தன் பெருமையைக் கேட்பதில் மாமாவுக்கு இத்தனை ஆசையா என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவர் சந்தோஷப்படட்டும் என்று ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

"நீங்க ஒருத்தர் பாடறதத் தவுர ஒரு சத்தமில்லீங் மாமா" என்பேன். "குண்டூசி விழுந்தாக்கூட எல்லாத்துக்கும் கேட்டிருக்குமுங்."