பதினாலு பேருக்கு ஒரு வேன்

எங்கள் வீட்டில் மோட்டார் வாங்கியது ஒரு குழந்தையைப் பார்க்கப் போவதற்காக. அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் கூப்பிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். என் ஒரே காக்காவுக்குத் தொண்டியில் பெண்பிள்ளை பிறந்திருந்தது.

கீழக்கரையில் கல்யாணம் முடிந்த பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவார். அதனால் என் லாத்தாமார் இருவரும் தங்கள் ஏழு பிள்ளைகளோடு எங்களுடனேயே இருந்தார்கள். காக்கா மட்டும் பெண்டாட்டி வீட்டோடு தொண்டிக்குப் போய்விட்டார். வாப்பா, உம்மா, லாத்தாமார், பிள்ளைகள், நான், என் தங்கை, உம்மாவின் தங்கையான சாச்சி என்று வீட்டில் பதினாலு பேர். லாத்தாமாரின் மாப்பிள்ளைமாரான என் மச்சான்மார் இருவரும் இந்தக் கணக்கில் இல்லை; ஒருவர் தோணியில் கடலில் இருந்தால் மற்றவர் தூத்துக்குடியில் சரக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அப்போது பதிமூன்று வயதுப் பெண். வாய் மட்டும் முப்பது வயதுக்கு இருந்ததாக உம்மா சொல்வாள்.

சாச்சிக்குக் கல்யாணமான மறு வருஷமே கணவர் மவுத்தாகி, அவள் தனியாகிவிட்டாள். பிள்ளை இல்லை. காக்கா பிறந்ததும் உம்மா ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது, அவரைக் குளிப்பாட்டி, பால் புகட்டி, தோளில் போட்டு வளர்த்தது சாச்சிதான். காக்கா முதலில் கூப்பிட்டதே அவளைத்தான் என்பார்கள். உம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மோட்டார் வருவதற்கு முன் எங்கே போனாலும் இரண்டு குதிரை வண்டி பிடிப்போம். பெண்கள் வெளியே தெரியாமலிருக்க முன்னும் பின்னும் துணி கட்டி, பெரியவர்களை உட்காரவைத்து, இடுக்குகளில் பிள்ளைகளைச் செருகுவார்கள். கடைசியில் தரையில் நிற்பது சாச்சிதான். "வண்டியில எடம் இல்லடி. நீ வீட்டப் பாத்துக்க" என்பாள் உம்மா. "அதுக்கென்ன லாத்தா, நீங்க போயிட்டு வாங்க" என்பாள் சாச்சி. இது பல வருஷமாக நடந்தது. கல்யாணம், கந்தூரி, காதுகுத்து எல்லாவற்றிலும் நாங்கள் தின்று திரும்பியதைக் கேட்டே அவள் காலம் போயிற்று.

நாற்பது நாள் கழித்து எல்லோரும் பிள்ளையைப் பார்க்க வரவேண்டும் என்று காக்கா கடிதம் போட்டார். குதிரை வண்டியில் தொண்டி போய்த் திரும்புவது நடக்காத காரியம். பஸ்ஸில் ஏற உம்மா சம்மதிக்கவில்லை. "ஆம்பளைகளோட இடிச்சுக்கிட்டு நான் வரமாட்டேன்" என்று முடித்துவிட்டாள். பழைய மோட்டார் ஒன்று பார்க்கலாமா என்று வாப்பா யோசித்தார். தோணி வைத்துக் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் ஓட்டி, முட்டிவலி வந்து கரையில் உட்கார்ந்துவிட்ட மனிதர். எதையாவது வாங்கிப் போட்டுப் பராமரிக்க அவருக்கும் கை அரித்துக்கொண்டிருந்தது.

சாச்சி வாப்பாவிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டாள்.

"மச்சான், வாங்குறதுதான் வாங்குறீங்க, நானும் ஏறுற மாதிரி வாங்குங்க. அந்தப் புள்ளைய ஒரு தடவ மடியில போட்டுப் பாத்திரணும்."

வாப்பா கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு, "வீட்டுல உள்ள அம்புட்டுப் பேரும் ஏறணும். இல்லாட்டி வண்டியே வேணாம்" என்றார். எனக்கு வாப்பாவை அன்று ரொம்பப் பிடித்தது.

ராமநாதபுரத்துத் தரகர் ஒருவர் முதலில் கொண்டுவந்தது கறுப்பு நிறத்தில் ஒரு பிளஷர் கார். யாரோ வக்கீல் வைத்திருந்ததாம். பக்கத்து முடுக்கில் வண்டியை நிறுத்திவிட்டு ஆண்கள் டீக்கடைக்குப் போய்விட, நாங்கள் ஏறிப் பார்த்தோம். மெத்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உம்மாவும் பெரிய லாத்தாவும் உட்கார்ந்ததும் பின் சீட்டு நிறைந்துவிட்டது. இரண்டு பேருமே நல்ல சரீரம். "வக்கீலுக்குப் புள்ளகுட்டி கெடையாது போல" என்று உம்மா இறங்கிவிட்டாள்.

அடுத்தது பட்டாளத்து ஏலத்தில் எடுத்த லாரி. மேலே தார்ப்பாய் போட்டிருந்தது. தெருவையே ஏற்றலாம். ஆனால் ஏறுவதற்கு ஆள் உயரத்துக்குக் காலைத் தூக்கவேண்டும். சின்ன லாத்தா பாதி ஏறித் தொங்க, நான் கீழே நின்று சிரிக்க, முதுகில் ஒன்று விழுந்தது. உம்மா வீட்டுக்குள் போய், சன்னலருகில் நின்று, டீக்கடையிலிருந்து திரும்பிய தரகருக்குக் கேட்கும்படி, "நாங்க என்ன கருவாட்டு மூட்டையா?" என்றாள். அந்த மனிதர் லாரியைத் திருப்பக்கூட நேரம் எடுக்காமல் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.

மூன்றாவதாக வந்ததுதான் அந்த வேன். மதுரைப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடியதாம். கூண்டு முழுக்க மரம். பின்னால் கதவு, கதவுக்குக் கீழே ஒரு படி. உள்ளே இரண்டு பக்கமும் எதிரெதிராக நீள பெஞ்சு. சாயம் உரிந்து, பார்க்க அழகாக இல்லை. வாப்பா கூண்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இரண்டு குடம் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றச் சொல்லி, தான் உள்ளே போய் அண்ணாந்து உட்கார்ந்துகொண்டார். சொட்டுக்கூட ஒழுகவில்லை. இஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நல்ல வேளை, சாயல்குடிப் பக்கத்து டிரைவர் ஒருவரை வரச்சொல்லியிருந்தோம். அவர் கைப்பிடியைச் செருகிச் சுற்றி, இஞ்சின் பிடித்ததும் காதைச் சாய்த்துக் கேட்டார். பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். தரகரை ஒரு பார்வை பார்த்தார்.

"மொதலாளி, பேத்துப் பாத்தா ரெண்டு சாமான் மாத்தணும். மத்தபடி கெழவன் நல்லாத்தான் மூச்சு விடுறான். வேகம் கேக்காதீக, வாரவன் போறவன்லாம் முந்திருவான்."

"நாங்க யாரையும் முந்த வேண்டியதில்ல" என்றார் வாப்பா.

பிறகு எங்கள் முறை. முடுக்கின் இரண்டு முனையிலும் சேலையைக் கட்டி மறைத்தார்கள். உம்மா முதலில் ஏறினாள். லாத்தாமார், பிள்ளைகள், தங்கை, நான். மடியில் யாரும் இல்லாமல் எல்லோருக்கும் பெஞ்சில் இடம் கிடைத்தது. சாச்சி கடைசியாக வந்து, கதவோரம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பதினாலாவது ஆளான வாப்பா டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். ஓடாத வண்டிக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிச் சிரித்தோம். வீட்டுக் கதவு பத்தடி தள்ளித் திறந்தே கிடந்தது. அடுப்பில் இருந்த உலையைப் பார்க்க உம்மா ஒருமுறை இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வேனை அன்றைக்கே வாங்கிவிட்டோம்.

சன்னல்களுக்குத் திரை தைத்தது சாச்சி. பச்சைத் துணி. தான் உட்காரும் பக்கத்துத் திரையில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டாள். ஏன் என்று கேட்டேன். "ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் கடல் கணக்கா கெடக்கும்னு உங்க உம்மா சொல்லியிருக்கா. நான் பாக்க வேணாமா?" என்றாள். புறப்படும்வரை இருந்த பத்து நாளும் தையல் மெஷின் ஓயவே இல்லை. குழந்தைக்கு மட்டும் எட்டுச் சட்டை தைத்திருந்தாள்.

புறப்படும் நாள் காலையில் சுபுஹு தொழுததும் ஏறிவிட்டோம். இந்த முறை முதலில் ஏறியவள் சாச்சி. சட்டை மூட்டை மடியில் இருந்தது. டிரைவர் கைப்பிடியைச் சுற்ற, இஞ்சின் இரண்டு தடவை இருமிப் பிடித்துக்கொண்டது. உம்மா பிஸ்மில்லா சொன்னாள். வண்டி நகரப்போன நேரத்தில் அவளேதான் கேட்டாள்.

"வீட்டுல யாரு இருக்கா?"

 வீட்டுக்குள் ஒருவரும் இல்லை.

கடலுக்குப் போன ஆள் திரும்புகிறவரை வீட்டைப் பூட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளே இருந்து, அந்தித் தொழுகையான மக்ரிபுக்கு விளக்கு ஏற்றவேண்டும். அது மார்க்கத்தில் கிடையாது என்று ஆலிம்சா எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. உம்மாவிடம் அதைச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. பெரிய மச்சான் தோணியில் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் வந்தால் சின்ன மச்சான் போவார். யாரும் கடலில் இல்லாத நாள் என்று எங்கள் வீட்டில் ஒன்று இருந்ததே இல்லை. ஆக, பதினாலு பேரும் சேர்ந்து வெளியே போகவே முடியாத வீட்டுக்குப் பதினாலு பேர் போகிற வண்டியை வாங்கியிருந்தோம். குதிரை வண்டிக் காலத்தில் இடமில்லை என்ற பேச்சிலேயே காரியம் முடிந்துவிடும். அதனால் வழக்கம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

வாப்பா இருந்திருக்கலாம். ஆண் ஏற்றினால் விளக்கு எரியாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அது அவருக்கே தோன்றவில்லை. லாத்தாமாருக்குப் பிள்ளைகள். தங்கை சின்னவள். மிச்சம் இருந்தது நான்.

சாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டையை என் மடியில் வைத்துவிட்டு, "அதுக்கென்ன" என்று எழுந்தாள். அவள் ஒரு காலைப் படியில் வைத்து இறங்குகிற நேரம் எனக்குப் போதும். 'சாச்சி, நீ போ, நான் இருக்கேன்' என்று சொல்ல ஐந்து வார்த்தைதான் தேவை. ஊரில் எல்லோரிடமும் வாயாடுகிற எனக்கு அது வரவில்லை. நானும் தொண்டி பார்த்ததில்லை. எனக்கும் பிள்ளையைப் பார்க்க ஆசை. இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்தியதும் சாச்சிதான்.

தேவிபட்டினம் தாண்டுவதற்குள் அவள் இருந்த இடத்தில் பலகாரச் சட்டியை வைத்தார்கள். பிறகு சின்ன லாத்தாவின் பையன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். ஆர்.எஸ்.மங்கலம் வந்தபோது திரை இடைவெளியில் நான் பார்த்தேன். கண்மாயில் தண்ணீர் கிடந்தது. என்னால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

தொண்டியில் வேன் நின்றதும் காக்கா ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"சாச்சி எங்க?"

"வண்டியில எடம்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த உம்மா அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு எதிர் பெஞ்சில் பையன் இன்னும் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். காக்கா அவனைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். சட்டை மூட்டையை வாங்கிக்கொண்டார். பிள்ளையை நான் மடியில் போட்டுப் பார்த்தேன். நல்ல கனம். யாருடைய சாயல் என்று லாத்தாமார் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிவாசலில் மக்ரிபு வாங்கு சொல்லி முடிந்த சமயத்தில் ஊர் திரும்பினோம். வீட்டில் விளக்கு எரிந்தது. சாச்சி வாசலுக்கு வந்து தூங்கி வழிந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினாள். காக்கா கொடுத்தனுப்பிய அல்வாச் சட்டியோடு நான்தான் கடைசியாக இறங்கினேன். அவள் பிள்ளையைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் வண்டியைப் பற்றித்தான் கேட்டாள்.

"அவ்வளவு தூரம் போயிருக்கீங்க. இடிச்சுக்காம உக்கார எல்லாருக்கும் எடம் பத்துச்சாடி?"

"மிச்சமே இருந்துச்சு சாச்சி" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு, சட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.