இரண்டு இடியப்பம் கூட

வெள்ளவத்தையில் இரண்டு புடவைக்கடை, கிருலப்பனையில் மாடிவீடு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், போர்க்காலக் கொழும்பில் தனியாளாக நின்று உருவாக்கியவை. நேற்று டாக்டர் என் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். அந்தப் புஸ் சத்தம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த கொட்டாஞ்சேனைச் சந்துக்கு, அந்த ஒழுங்கைக்குக் கொண்டுபோனது.

யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த அப்பா, போரில் இடம்பெயர்ந்து கொழும்பு வந்து, ஒரு கடையில் வெங்காயம் நிறுக்கும் வேலையில் சேர்ந்தார். முதலாளி "டேய் கிழவா" என்பார். அப்பாவுக்குப் பிரஷர் ஏறியது, சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டு வயதில் நான் வீடு வீடாகப் போனேன். "அப்பாவை மனேஜர் ஐயா எண்டு கூப்பிடுங்கோ. எங்களிட்ட வாங்கேக்க ரெண்டு இடியப்பம் கூடத் தருவம்."

"நாலு தந்தா ராசா எண்டும் கூப்பிடுவன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒரு மாதத்தில் அப்பாவுக்குப் பிரஷர் இறங்கியது, நிமிர்ந்து நடந்தார்.

அந்த இடியப்பத்தை அவித்து விற்றது அம்மா. அவரை ஒழுங்கையே "ஏய் இடியப்பக்காரி" என்றுதான் கூப்பிட்டது.

"எனக்கும் ஒரு பட்டம் வேண்டித் தாவன், மோனே" என்று ஒருநாள் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் போனேன். அம்மாவின் பிரஷரை யாரும் பார்க்கவில்லை. அடுத்த வருடம் அடுப்படியிலேயே சரிந்தார்.

எங்கள் குடும்பக் கதையை எழுதும் தம்பி, அப்பாவைக் காப்பாற்றியது பொரளை ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரஷர் மருந்து என்கிறான். இல்லை, நான்தான். அப்படியே எழுதட்டும். அம்மா போனதிலும் என் பங்கு உண்டு. அதையும் என் பெயர் போட்டே எழுதட்டும்.