அடித்துவிட்ட பெயர்

பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்திய இலக்கிய இதழுக்கு நான் ஆசிரியர். பிழை திருத்தியவள் சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண். ஒல்லியான உடம்பு. ஒவ்வொரு வரியையும் உதடு அசையப் படித்த பிறகே பேனாவை எடுப்பாள்.

ஒருமுறை அவளே ஒரு காதல் கதை எழுதித் தந்தாள். அச்சுக்குப் போகும் தாளில் தன் பெயரை மட்டும் அடித்துவிட்டிருந்தாள்.

"பேரு வேணாங்க்கா. வூட்ல பாத்தா வம்பாயிடும்."

இந்தக் காலத்தில் கதைக்காக யார் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லாமலே பெயரைச் சேர்த்து அனுப்பினேன்.

இதழ் வந்த வாரமே அவள் அண்ணன் வந்து பெட்டியோடு அழைத்துப் போய்விட்டார். படிப்பு நின்றது.

மன்னிப்புக் கேட்கச் சித்தேரிக்குப் பஸ் ஏறினேன். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தை மாசம் கல்யாணங்க்கா," என்றாள். உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கதைய யாராச்சும் படிச்சாங்களா?"

"எல்லாரும் படிச்சாங்கம்மா."

"முடிவு புடிச்சிருந்துச்சாமா?"

முடிவைப் படித்து அழுதவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கேட்கப் போன மன்னிப்பை நான் இன்றுவரை கேட்கவில்லை.