நோட்டில் இல்லாத புரோகிராம்

ஓசூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் அவர் லேப் அசிஸ்டென்ட். ஒல்லியான மனிதர். மானிட்டர்மேல் படிந்த தூசியைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டேதான் பேசினார்.

ஸி புரோகிராமிங் லேப் தேர்வில் என் மகள் காப்பியடித்தாள் என்று துறைத்தலைவர் என்னை அழைத்திருந்தார். மாணவர்களை மார்க் வரிசையில் அடுக்கும் புரோகிராம் அது. லேப் நோட்டில் பெயர்களுக்கு அர்ரே என்று ஒரு பட்டியல், மார்க்குகளுக்குத் தனியாக ஒன்று. எல்லோரும் அதையே மனப்பாடமாக எழுத, இவள் மட்டும் ஒவ்வொரு மாணவரின் பெயரையும் மார்க்கையும் ஸ்ட்ரக்சர் என்ற ஒரே கட்டாகச் சேர்த்து, அந்த ஸ்ட்ரக்சர்களை ஒரே அர்ரேயாக வைத்திருந்தாள்.

"நடத்தாதத எப்படி எழுதுவா?" என்றார் துறைத்தலைவர், லேபில் ஓரமாக நின்ற மகளைக் காட்டி. மகளுக்கு ஒரு வருடம் வீணாகுமே என்ற பயத்தில் அவர் நீட்டிய மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தேன்.

"போடாதீங்க சார்" என்றார் அசிஸ்டென்ட்.

"உன் வேலையப் பாருய்யா. இல்லன்னா அதுவும் இருக்காது."

"போனா போவட்டும் சார். மொதல்ல நம்ம நோட்டுல இருக்கறத கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாருங்க."

அசிஸ்டென்டே ஓட்டினார். மார்க்குகள் மட்டும் வரிசை மாறின, பெயர்கள் அசையவில்லை. ஃபெயிலான பையன் பெயருக்கு நேரே முதல் மார்க் நின்றது. பிறகு மகளுடையதை ஓட்டினார். ஒவ்வொரு பெயரும் தன் மார்க்கோடு சேர்ந்தே நகர்ந்தது.

"தப்ப அப்படியே எழுதுன நாப்பது பேரு பாஸு, சரியா எழுதுன புள்ள திருடியா?"

துறைத்தலைவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து அசிஸ்டென்டுக்கு நன்றி சொன்னேன். "எனக்கெதுக்கு சார்? நீங்க குனிஞ்சப்ப புள்ள உங்களையேதான் பாத்துட்டு நின்னுச்சு" என்றார்.

லேபில் அவளைச் சில மாதங்களே பார்த்தவருக்கு இருந்த உறுதி, பெற்ற எனக்கு ஏன் வரவில்லை என்பது இன்றும் விளங்கவில்லை.