மேச்சேரி வெயிலில் நின்ற வெள்ளைப் பெட்டி

காலை ஆறரைக்குச் சேலத்திலிருந்து புறப்பட்டோம். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கிராமத்து கிளினிக்குகளுக்கு மருந்து கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறேன். முன்சீட்டில் டாக்டர் ஷமீமா. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பச்சைப் பெட்டி, ஒரு வெள்ளைப் பெட்டி. இரண்டிலும் மலேரியா பார்க்கும் அட்டைகள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு கோடு விழும்; மலேரியா இருந்தால் கீழேயும் ஒன்று விழும். கிளினிக்குகளுக்கு எந்த அட்டை வாங்குவது என்று டாக்டரம்மா முடிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

எங்கள் பக்கம் கொசுவுக்குக் குறைவில்லை, மலேரியா குறைவுதான். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று போகிறவர்கள் அங்கிருந்து காய்ச்சலோடு திரும்புகிறார்கள்.

ஓமலூர் தாண்டி ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், தண்ணீராக இருந்தது. பெட்டிகளுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

“பச்சை, கிருமி விட்டுட்டுப் போன தடயத்தைப் பார்க்கும்ணா. காய்ச்சல் குணமாகி ரெண்டு மூணு வாரம் ஆனாலும் கோடு காட்டும். வெள்ளை, உயிரோட இருக்கிற கிருமியை மட்டும் பார்க்கும்.”

“அப்ப வெள்ளையே வாங்கிரலாமுங்களே?”

“அது வெயில் தாங்காது. முப்பது டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வேனில் ஏசி கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. வெள்ளைப் பெட்டியை ஈரத் துண்டால் போர்த்தி, டாக்டரம்மா வைத்திருந்த சின்ன வெப்பமானியை உள்ளே செருகினேன்.

ஒன்பது மணிக்கு மேச்சேரி. ஆட்டுச் சந்தை நாள் என்பதை மறந்துபோயிருந்தோம். முன்னால் ஆடு ஏற்றிய டெம்போக்கள், பின்னால் பஸ். நகர வழியில்லை, நிழலும் இல்லை. ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்ணா, ஐஸ்கிரீமுங்களா? இப்பிடிப் போத்தி வெச்சிருக்கீங்க?”

“காய்ச்சல் பாக்குற அட்டைங்க.”

“என்ற ஆடும் ரெண்டு நாளா தீனி எடுக்கலீங்க. ஒண்ணு குடுத்துட்டுப் போங்க.”

டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெப்பமானி முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. துண்டை நனைத்து நனைத்துப் போட்டேன். குடிக்க வைத்திருந்த தண்ணீர் தீர்ந்ததுதான் மிச்சம்.

பதினொரு மணி வாக்கில் எடப்பாடிக்குப் பக்கத்து ஊர் கிளினிக். பெஞ்சில் கம்பளி போர்த்திக்கொண்டு பழனிசாமி என்ற ரிக் டிரைவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கோகிலா, விசைத்தறி ஓட்டுகிறவர். பழனிசாமிக்குச் சத்தீஸ்கரில் மலேரியா வந்து முழு மாத்திரையும் சாப்பிட்டுத் திரும்பி இரண்டு வாரம்தான் ஆகிறது. மறுபடியும் காய்ச்சல்.

“ராத்திரி ரிக்கு கெளம்புதுங்க. ஊசி ஒண்ணு போட்டு உட்டீங்கன்னா போயிருவேன்,” என்றார் பழனிசாமி.

“போனாப் போவட்டும் வண்டி,” என்றார் கோகிலா. “போன தடவ பொழச்சு வந்ததே பெருசு. டாக்டரம்மா, மறுக்காவும் அதேதானுங்களா?”

பச்சை அட்டையில் கீழ்க்கோடு விழுந்தது. வெள்ளையில் விழவில்லை. கோகிலா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு மேச்சேரியில் வெப்பமானி முப்பத்தைந்து காட்டியதைச் சொன்னேன்.

“மேல்கோடு ரெண்டுலயும் விழுந்திருக்குங்களே. அப்ப அட்டை நல்லாத்தான இருக்கும்?”

“ரத்தம் சரியா ஓடிச்சுன்னு அது சொல்லும். கெடலைன்னு சொல்லாதுண்ணா.”

பச்சை காட்டுவது பழைய தடயமா, மருந்துக்கு அடங்காத கிருமியா, தெரியவில்லை. அடங்காத கிருமியென்றால் ஆளை இன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அந்த கிளினிக்கில் மைக்ரோஸ்கோப் கிடையாது. இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கொங்கணாபுரம் வழியாகச் சேலத்துக்குத் திரும்பினோம். நாற்பது கிலோமீட்டர் சொச்சம். நடுக்கத்திலும் பழனிசாமிக்கு என் ஓட்டுதல்தான் கண்ணில் பட்டது.

“இந்த ஆமை வேகத்துல போனா காய்ச்சல் தானா எறங்கீரும் சாமி. செத்த முடுக்குங்க.”

“சும்மா வாங்க நீங்க,” என்று கோகிலா அதட்டினார். அவர் கை கம்பளியைப் பிடித்தபடியே இருந்தது.

ஆய்வகத்தில் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி வெகுநேரம் பார்த்தார்கள். இரண்டரைக்கு முடிவு வந்தது: கிருமி இல்லை. டைபாய்டாக இருக்கலாம் என்று டாக்டரம்மா வேறு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, காய்ச்சல் விடும்வரை வண்டி ஏறக் கூடாது என்றார். பழனிசாமி ரிக்குக்கு போன் போட்டு, வரவில்லை என்று சொன்னார். கோகிலா அந்தச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

எனக்கு மூச்சு வந்தது. “வெள்ளை சொன்னதுதான் சரியாப் போச்சுங்க. அதையே வாங்கிரலாமுங்களா?”

“பச்சைதாண்ணா வாங்கப் போறேன். ஒரு மாசத்துக்குள்ள மலேரியா மருந்து சாப்பிட்டீங்களான்னு முதல்ல கேட்கச் சொல்வேன். சாப்பிட்டிருந்தா அட்டையை நம்பாம ரத்தத்தை இங்க அனுப்பணும்.”

“வெள்ளை தப்பாச் சொல்லலீங்களே.”

“வெயில்ல கெட்டுப்போன அட்டையும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கும். நாளைக்கு நிஜமாவே கிருமி இருக்கிற ஆளுக்கும் அதையே சொல்லும். நீங்க துண்டு நனைச்சுப் போட்டீங்க. கம்பெனியில இருந்து வர்ற பார்சல் வண்டியில யார் போடுவாங்க?”

மாலையில் வீட்டுக்கு வந்தேன். சிமெண்ட் ஷீட் கூரை. உள்ளே நுழைந்ததும் அனல் முகத்தில் அடித்தது. பெட்டியிலிருந்து எடுத்த வெப்பமானி என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டிருந்தது. எடுத்து அலமாரியில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். முப்பத்தாறு. மேச்சேரியைவிட அதிகம். வெள்ளைப் பெட்டி கெட்டிருந்ததா, நன்றாக இருந்ததா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. துண்டை நனைத்து என் தலையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.