கேசட் தீர்ந்த இடம்

வலது காலை பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்திக்கொண்டுதான் அவர் பேசுவார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வண்டியில் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் உளறலாம், சிரிக்கலாம். அந்தக் கால் மட்டும் மீனுக்குக் காத்திருக்கும் கொக்கு. "இண்டிகேட்டர் போட்டவனெல்லாம் திரும்புவான்னு நம்பிடாதீங்க" என்பார். பிரேக் சார் என்று மாணவர்கள் பெயர் வைத்ததில் வியப்பில்லை.

வீட்டிலும் அதே கதைதான். குழாய் சரிசெய்தவர் படியிறங்கும் முன் இவர் குழாயைத் திறந்து மூடி, போவதுபோலப் போய்த் திரும்பி வந்து மறுபடி திறப்பார். "தண்ணிகூட உங்களை ஏமாத்தணும்னா யோசிக்கும்" என்று சிரிப்பார் மனைவி.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரு ராக் குழுவை. கேசட் அட்டையில் சரக்கு ரயில் இருந்ததால் அந்தக் காலத்துப் பையன்கள் அவர்களை ரயில்காரர்கள் என்றார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் எதிர்க்கட்சி: தொப்பிக்காரர்கள் என்ற இன்னொரு குழுவின் ரசிகர்கள். இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் அவருக்குச் சூடு ஏறிவிடும்.

"தொப்பிக்காரங்க பாட்டு சோடா மாதிரி. திறந்ததும் பொங்கும், அப்புறம் வெறும் தண்ணி. ரயில்காரங்க டிரம்ஸ் அடிக்கிறவன் அவசரப்படவே மாட்டான். வண்டி நியூட்ரல்ல உறுமுற மாதிரி இருக்கும். அப்புறம் கியர் விழும் பாருங்க!"

ஆனால் இன்னொருவர் அவர்களைப் பிடிக்கும் என்றால் முகம் சுருங்கிவிடும். ஒரு மாணவர் ரயில் படம் போட்ட பனியனோடு வந்து வழிந்தார். இரண்டே கேள்வி. "உங்க பனியன் கேட்டிருக்கும், நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. கிளட்ச்சை மிதிங்க."

மகள் ஒருவனை விரும்புவதாகச் சொன்னபோது அவர் குதிக்கவில்லை. பையனை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தார். "பரவாயில்லை, கண்ணாடியைப் பார்த்துட்டுத்தான் லேன் மாறுறான்." பையன் தேறிவிட்டான். பையனுடைய அப்பா மருந்துக்கடை வைத்திருப்பவர். "அவரும் ரயில்காரங்க ரசிகர்தான்பா" என்று மகள் ஆசையாகச் சொல்லப்போக, அங்கேதான் வினை தொடங்கியது.

"ஊர்ல இருக்கிற குழுவையெல்லாம் விட்டுட்டு அதே குழுவா? யாரோ பாடம் எடுத்திருக்காங்க."

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைப்பா."

"பொண்ணு கேட்டு வர்றதுக்கே வேஷம் போடுற ஆளு, நாளைக்கு உன்னை எப்படி வச்சுக்குவாரு?"

"சம்பந்தம் பேச வர்றவருக்கும் லைசென்ஸ் டெஸ்ட்டா?" என்றார் மனைவி.

"தேறினா தேதி பார்ப்போம். தேறலைன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

மகள் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் வந்தார். மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல். எதைச் சொன்னாலும் "கரெக்ட்டுங்க" என்றார். அதுவே பிரேக் சாருக்கு நெருடியது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் எதையும் காதில் வாங்குவதில்லை என்பது அவர் சித்தாந்தம்.

"தொப்பிக்காரங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க, சார்?"

"அவங்களும் நல்லாத்தானே பாடுவாங்க, சம்பந்தி."

சம்பந்தியாம்! அதற்குள்ளாகவா! பிரேக் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரயில்காரங்களோட அந்த நீளப் பாட்டு இருக்கே, அதைக் கொஞ்சம் பாடுங்களேன்."

கேள்வியில் கொக்கி இருந்தது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரே பதிவுக்கடை. அங்கே நகலெடுத்த கேசட்டில் பாட்டு முடியும் முன்பே முதல் பக்கம் முடிந்துவிடும். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாட்டே அந்த இடத்தில்தான் முடிகிறது. இன்றைக்குக் கைபேசியில் கேட்டு நெட்டுருப் போட்டவனோ கடைசிவரை பாடிவிடுவான்.

மருந்துக்கடைக்காரர் கூச்சத்தோடு கண்ணை மூடினார். முழங்காலில் தாளம் விழுந்தது. பாட்டு மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், ஒரு சொல்லின் நடுவே அறுந்தது. "டக்" என்று நாக்கால் ஓர் ஓசை.

மகளின் முகம் மலர்ந்தது. பிரேக் சாருக்குத்தான் இன்னும் இருட்டியது. குளியலறையில் அவரே பாடி, அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்துவதை இவள் பிறந்ததிலிருந்து கேட்கிறாளே!

"சொல்லிக் குடுத்தது நீதானே?" என்றார் அடிக்குரலில். மகளின் கண் கலங்கிவிட்டது.

மருந்துக்கடைக்காரருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. மூடிய கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். காற்றில் எதையோ எடுத்தார், புரட்டினார், திரும்ப வைத்து விரலால் அழுத்தினார். அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

அது தொப்பிக்காரர்கள் பாட்டு.

பதிவுக்கடைக்காரர் செய்த குளறுபடி அது. அவர் நகலெடுத்த ரயில்காரர்கள் கேசட் ஒவ்வொன்றும் மறுபக்கத்தில் அந்தப் பாட்டோடுதான் தொடங்கும். பிரேக் சார் அதை வீட்டில் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. தன் ரயிலில் தொப்பிக்காரன் ஏறிய கதையை மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

"அப்பா, சத்தியமா நான் எதுவும்…" என்று மகள் ஆரம்பித்தாள்.

மருந்துக்கடைக்காரரிடமிருந்து பார்வையை எடுக்காமலே பிரேக் சார் உதட்டின் மேல் விரலை வைத்தார்.