சாம்பல்மேல் நானூறு மீட்டர்

2003ஆம் ஆண்டு. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம். நானூறு மீட்டரில் தேறினால், எண்ணூர் ரமாபாய் தான் வேலை பார்க்கும் தையல் கம்பெனியை விட்டுவிடலாம். ஆனால் வேகமாக ஓடிப் பழக இடம் வேண்டுமே. சாலை முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். கடற்கரையில் அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். சிமெண்டுத் தெருவில் ஓடி முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்தது. பக்கத்து ஆலையின் மைதானத்தில் நல்ல புல் இருந்தது. காவலாளி அவள் பெயரையும் தெருவையும் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

ஆலைக்குப் பின்னால், நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் கொண்டுவந்து கொட்டும் குட்டை. காய்ந்தால் சமமாக, காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆடு நடந்த தடத்தில் ஆளும் நடக்கலாம் என்பது அங்கத்திய கணக்கு. ரமாபாயும் குளம்புத் தடம் பார்த்தே ஒரு வாரம் ஓடினாள். கூட வேலை செய்யும் சாபிரா கடிகாரம் பிடித்தாள்.

எட்டாம் நாள், தடத்துக்கு அடியில் இருந்தது புதிதாகக் கொட்டிய ஈரச் சாம்பல். மேலே மட்டும் வெயிலில் காய்ந்திருந்தது. ஆட்டைத் தாங்கிய மேலோடு, பாய்ந்து வந்தவளைத் தாங்கவில்லை. இடுப்புவரை போய்விட்டாள். உதைக்க உதைக்க இன்னும் இறங்கினாள்.

சாபிரா குப்புறப் படுத்துத் துப்பட்டாவை வீசினாள். “கால ஆட்டாத. மல்லாக்கப் படு.”

“மூஞ்சியும் உள்ள போயிடும்டி.”

“கடல்ல எப்டி மெதப்ப? அதே மாரிதான். படுடி.”

வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அம்மன்தான் காப்பாற்றினாள் என்றது தெரு. படுத்தால் எடை பரவும். காப்பாற்றியது அதுவும் சாபிராவின் கையும்தான். வேலி போடாத ஆலையைப் பற்றித் தெரு வாயே திறக்கவில்லை.

மறுநாள் ஆலை அதிகாரி கருணாகரன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தேர்வுவரை மைதானத்தில் ஓடிக்கொள்ளலாம், நடந்ததை வெளியே பேசக் கூடாது என்றார். வேலி எப்போது என்று கேட்டாள். அது மேலிடத்து விஷயமாம்.

செருப்பைக் கழற்றிப் புல்லில் நின்று பார்த்தாள். வலிக்கவில்லை.

“ஓடுடி,” என்றாள் சாபிரா. “செலக்சன் முடியட்டும். அப்பால போலீசுல எழுதிக் குடு.”

“அதுக்குள்ள ஆடு மேய்க்கிற புள்ள எதுனா வுழுந்துச்சுன்னா?”

சாபிரா அவள் செருப்பை எடுத்து நீட்டினாள். இருவரும் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள்.

எழுத்தர் பேனாவையே எடுக்கவில்லை. “ஓடறதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலியா?”

“கெடைக்கல சார். அதையும் சேத்து எழுதுங்க.”

அவர் எழுதும்வரை ரமாபாய் அங்கிருந்து நகரவில்லை.

அன்று மாலையே மைதானக் கதவு பூட்டப்பட்டது. தேர்வு நாள்வரை லாரிகளை ஒட்டியே ஓடினாள். மூன்று பேரை எடுத்தார்கள், அவள் நான்காவது. குட்டையைச் சுற்றி இப்போது கம்பி வேலி இருக்கிறது.